தூக்கிப் போடாத காகிதம்

– அது என்னன்னு மறுபடி சொல்லு பாப்பா.

– கட்டுப் போட்டிருக்கறது கண்ணுக்குத்தானே அண்ணே, காதுக்கில்லையே? குடைக் கடை நோட்டீஸ். ரெண்டு குடை வாங்கினா ஒண்ணு இலவசம். அந்தக் கடையை மூடியே பத்து வருஷம் ஆச்சு. இருக்கட்டுமா, போகட்டுமா?

– பின்பக்கம் வெள்ளையா இருக்கா?

– இருந்தா?

– ஏதாவது குறிச்சுக்கலாம்ல.

– குறிச்சுக்க இந்த வீட்டுல வேற காகிதமே இல்ல, பாவம். போகட்டும் பெட்டி. அடுத்தது.

– நில்லு நில்லு. யோசிக்கலாம் பெட்டியில போடு.

– யோசிக்கலாம் பெட்டி வழியுது. போகட்டும் பெட்டியில ஒரே ஒரு பஸ் டிக்கெட் கிடக்கு. காலையில எட்டு மணிக்கு உக்காந்தோம். அண்ணனும் தங்கச்சியுமா சேர்ந்து ஒரு பஸ் டிக்கெட்டை ஒழிச்சிருக்கோம்.

– அதுலயும் கொஞ்சம் அவசரப்பட்டுட்டோமோன்னு தோணுது.

– அண்ணே!

– சும்மா சொன்னேன்மா. சிரிக்கவாவது செய்யேன்.

– சிரிக்கற நேரமா இது? நாளான்னைக்குத் தீயணைப்பு ஆபீஸ்லருந்து வந்து பாக்கறாங்க. வாசக்கதவு முழுசாத் திறக்கணும். அடுப்பைச் சுத்தி ரெண்டடிக்குக் காகிதமே இருக்கக் கூடாது. இல்லன்னா வீட்டைக் காலி பண்ணணும்னு குடியிருப்பு செகரட்டரி எழுதியே கொடுத்துட்டாரு. முப்பது வருஷமா இருக்கற வீடு. ஆபரேஷன் ஆன இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு எங்க போவ?

– செகரட்டரி கொடுத்த நோட்டீஸை எங்க வச்சேன்?

– எங்கயும் வைக்கல. உன் கையில கொடுத்தா ஆகற கதி தெரிஞ்சு வாங்கி என் பையில போட்டுக்கிட்டேன்.

– கெட்டிக்காரி. நான் உன் வீட்டுக்கே வந்துடறேன், விடு.

– ஒத்தை ரூம்ல இருக்கேன். நீ வரலாம். உன் காகிதமும் கூட வந்தா நான் வராந்தாவுலதான் படுக்கணும். இங்கருந்து நான் எதுக்குப் போனேன்னு மறந்துட்டியா? உன் பத்திரிகைக் கட்டு என் கட்டில் மேல ஏறிடுச்சு. ராத்திரி புரண்டா செய்தி முதுகுல குத்துச்சு.

– கொஞ்சம் இரு. இப்ப கையில எடுத்தியே, அதைப் படிக்காத. லேசா மடக்கு. ம்… நோட்டு அட்டை. பழுப்பு. ஒரு மூலை நனைஞ்சு காஞ்சது.

– அட! மூலை கூடச் சரியா சொல்ற.

– நாப்பது வருஷம் பைண்டரா இருந்தவன்மா. அச்சாபீஸ்ல பசங்க என் கண்ணைப் பொத்திக்கிட்டுத் தாளை ஆட்டுவாங்க. சத்தத்தை வச்சே எந்தத் தாள்னு சொல்லிடுவேன். ஒரு தடவை கூடத் தோத்ததில்ல.

– இவ்வளவு கைவேலை தெரிஞ்ச ஆளு. ஊரார் புத்தகத்தையெல்லாம் ஒரு பக்கம் முன்னபின்ன மாறாம தச்சுக் கொடுத்த. உன் வீட்டுல செருப்பு ஜோடியா இல்ல.

– அது அடுத்தவங்க பக்கம். கீழ நம்பர் போட்டிருக்கும். வீட்டுக்கு வர்ற காகிதத்துக்கு நம்பரா இருக்கு?

– என்கிட்ட சொல்லு. ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல இருக்கறவகிட்ட. எவரோ பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி முட்டியை உடைச்சுக்கிட்ட எக்ஸ்ரேயை ரெண்டு நிமிஷத்துல எடுத்துக் கொடுக்கறேன். கூடப்பிறந்தவனோட மூக்குக்கண்ணாடியை என்னால கண்டுபிடிக்க முடியல.

– என்னால முடியல பாப்பா. நிஜமா சொல்றேன். அலமாரியில வச்சுக் கதவைச் சாத்தினா அந்தப் பொருள் எனக்கு இல்லாமலே போயிடுது. கண்ணு முன்னாடி கிடந்தாத்தான் அது இருக்குன்னு மனசு ஒத்துக்குது. எல்லாமே கண்ணு முன்னாடி கிடக்கவும் இப்ப எதுவுமே கண்ணுல படல.

– தெரியும்ணே. அதான் கதவில்லாத தட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். மூணு கூடை. சாவிக்கு ஒண்ணு, மருந்துக்கு ஒண்ணு, கண்ணாடிக்கு ஒண்ணு. நாலாவது கூடை கிடையாது. நீ கேட்டாலும் கிடையாது.

– ஞாயித்துக்கிழமையெல்லாம் என் குப்பையிலயே உனக்குப் போயிடுது.

– வேற யாரு இருக்கா எனக்கு?

– இருந்திருக்கலாம்மா. உனக்குன்னு ஒரு வீடு, ஒரு மனுஷன்…

– ஆரம்பிக்காத.

– நான் ஒண்ணும் சொல்லலையே.

– சொல்ல வந்தது தெரியும். என்னைக் கட்டிக்கக் கேட்ட கப்பல்காரரைப் பத்தித்தானே? புதுக் கப்பல்ல சேர்ந்ததும் விலாசம் எழுதறேன்னு போனாரு. எழுதல. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு ஒரு வரி போட்டிருக்கலாம். இதோ, இந்த ஜன்னல்ல ஒரு வருஷம் நின்னேன். தபால்காரர் என்னைப் பாத்தா எதிர் வாடைக்குப் போயிடுவாரு, அவருக்கே சங்கடம். இருபத்து மூணு வருஷம் ஆச்சு. ஆறிப் போச்சு.

– ஆறிடுச்சா?

– ஆறலன்னா என்ன பண்ணப் போற? இந்தா, பழைய காலண்டர். அஞ்சாறு வருஷத்துது ஒண்ணா ஒட்டிக்கிட்டிருக்கு. போகட்டுமா?

– பிரிச்சுப் பாரு.

– காலண்டர்ல என்ன இருக்கப் போகுது? தேதிதான் இருக்கும்.

– பிரிக்காம எதையும் போடக் கூடாதுன்னு நீதானே சொன்ன?

– உனக்கு வேணுங்கறப்ப மட்டும் நான் சொன்னது ஞாபகம் வரும். சரி, பிரிக்கறேன். உள்ள ஒரு கவர் இருக்கு. பசை வச்ச மாதிரி பிடிச்சிருக்கு. பெறுநர்…

– யாருக்கு?

– …

– பாப்பா? ஏன் நிறுத்திட்ட?

– ஒண்ணுமில்ல. தூசி தொண்டையில போயிடுச்சு. உனக்குத்தான் வந்திருக்கு. பேங்க்லருந்து.

– பிரிச்சுப் படி.

– பழைய பேங்க் லெட்டர்ணே. இதைப் படிச்சு என்ன ஆகப் போகுது?

– படிம்மா.

– படிக்கறேன், படிக்கறேன். 'அன்புள்ள வாடிக்கையாளருக்கு, தங்கள் லாக்கர் சம்பந்தமாக…'

– எனக்கு லாக்கர் கிடையாது.

– அப்ப வேற யாருக்கோ வந்தது மாறி வந்திருக்கும். போகட்டும் பெட்டி.

– பாப்பா. நீ பிரிச்சப்ப தாள் சத்தம் கேட்டுச்சு. வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. கடல் தாண்டிப் போற தபாலுக்குன்னே விக்கற தாள் அது. பேங்க்ல அதுல எழுத மாட்டாங்க.

– உன் காதுல இடி விழ.

– கப்பல்லருந்து வந்ததுதானே?

– ஆமா. ஆமாண்ணே. அவரு கையெழுத்துதான். உனக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சு போவியேன்னுதான் பேங்க்குன்னு சொன்னேன். உன் தப்பு இல்ல, ஏதோ காலண்டருக்குள்ள சொருகிக்கிடுச்சு, உனக்கு வந்ததே தெரிஞ்சிருக்காது…

– படி.

– வேணாம்ணே.

– நீ எனக்காகப் படிக்க வேணாம். உனக்கு வந்தது. நீ படி.

– 'புதிய கப்பலில் சேர்ந்துவிட்டேன். நான்கு மாதம் இந்தத் துறைமுகத்தில்தான் இருப்போம். விலாசம் கீழே இருக்கிறது. சரி என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். பதில் வரவில்லை என்றால் விருப்பமில்லை என்று புரிந்துகொள்வேன். அதன் பிறகு ஒருபோதும் தொந்தரவு செய்ய மாட்டேன்.' தொந்தரவே பண்ணலண்ணே. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரு. நான் அவரை எப்படியெல்லாம் திட்டியிருக்கேன் தெரியுமா? ஏமாத்துக்காரன், கோழைன்னு. அவரு அங்க உக்காந்து நாலு மாசம் தபாலைப் பாத்திருப்பாரு. நான் இங்க பாத்துக்கிட்டிருந்தேன்.

– மழை அடிச்சு ஊத்தின வாரம் வந்துச்சு. நீ டியூட்டிக்குப் போயிருந்த. தபால்காரர் குடையோட வந்து என் கையில கொடுத்தாரு.

– என்ன சொன்ன?

– நீ வந்ததும் கொடுக்கணும்னு மேசை மேல வச்சேன். பளிச்சுன்னு கண்ணுல படற மாதிரிதான் வச்சேன். அப்புறம் ஒரு கட்டு பைண்டிங் வேலை வீட்டுக்கு வந்துச்சு, அதே மேசையில பரப்பினேன். சாயங்காலம் பாத்தா காணோம்.

– உனக்குத் தெரியுமா? இத்தனை வருஷமா தெரியுமா?

– இன்னைக்குக் கிடைச்சிடும், நாளைக்குக் கிடைச்சிடும்னு இருந்தேன். கையில எடுத்துட்டுச் சொல்லலாம்னு. நீ டியூட்டிக்குப் போனதும் தேடுவேன். வாரம் போச்சு, மாசம் போச்சு. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்ல?

– வெறும் கையோடயே சொல்லியிருக்கலாமே! 'லெட்டர் வந்துச்சு, தொலைச்சிட்டேன்'னு ஒரு வார்த்தை. கப்பல் கம்பெனி வாசல்ல போய் நின்னிருப்பேன். விலாசம் கொடுக்கற வரைக்கும் நகர்ந்திருக்க மாட்டேன். என் வாழ்க்கைண்ணே அது. நான் ஜன்னல்ல நிக்கறதைப் பாத்துக்கிட்டேவா இருந்த?

– பாத்தேன்.

– ஒண்ணுமே தோணலையா?

– தோணாம இருக்குமா? வாய் வரைக்கும் வரும். நீ திரும்பி என்னைப் பாத்து 'டீ போடட்டாண்ணே'ம்ப. அவ்வளவுதான், முழுங்கிடுவேன்.

– குப்பை ராஜா, சோம்பேறின்னு வாரா வாரம் வந்து திட்டினேன். சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டியே.

– அந்தத் திட்டு சுலபம்மா. நீ திட்ட வேண்டியது வேறன்னு எனக்குத்தானே தெரியும். பாப்பா, கையைக் கொடு…

– தொடாத. என்கிட்ட பேசாத. கொஞ்ச நேரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது நீ.

– சரி.

– …

– …

– கட்டு நனையற மாதிரி அழாத. கண்ணுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

– நீயும்தான் அழற. சத்தம் கேக்குது.

– என் கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணல, நான் அழுவேன். தள்ளி உக்காரு. இன்னும் ரெண்டு ரூம் அப்படியே கிடக்கு. உன்னைத் தெருவுல விட்டுட்டு என்னால போக முடியாது, அதையும் நீ தெரிஞ்சுதான் வச்சிருக்க. இந்தா, பத்திரிகைக் கட்டு. இருக்கட்டுமா, போகட்டுமா?

– எல்லாம் போகட்டும்மா, ஒண்ணையும் பிரிச்சுப் பாக்க வேணாம். முன்னெல்லாம் மாசாமாசம் பழைய பேப்பர்காரருக்குத் தூக்கிப் போட்டவன்தான் நான், அந்த மழை வாரத்துலருந்துதான் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட வெளிய விடல, எதுக்குள்ள உன் லெட்டர் இருக்குமோன்னு.