மீட்டரில் கொசுறு உண்டா?

ராக்கெட் விடுற நாடு... இன்னும் அடி, மைல்னு அளக்குதே, மீட்டருக்கு ஏன் மாற மாட்டேங்குதுன்னு முன்வரிசைத் தம்பி கேட்டாரு. அதுக்கு எங்கிட்ட ஒரு குட்டிக் கதைதான் இருக்கு. சொல்லிடுறேன்.

கோயில் வாசல். பூக்கடை. கடைக்காரி செங்கமலம். ஆள் குள்ளம். கை அதைவிடக் குள்ளம். அந்தக் கையாலதான் முழம் போடுவா. எதிர்க்கடை திலகவதிக்கு நல்ல நீளக் கை. ரெண்டு கடையிலயும் ஒரே விலை. கூட்டம் எங்க?

செங்கமலத்துகிட்ட!

ஒருநாள் அதிகாரி வந்தாரு. கையில டேப்பு.

“இனிமே மீட்டர்லதான் விக்கணும். முழம் போட்டா கடையைத் தூக்கிருவேன்.”

“ஐயையோ சார்... இதை விட்டா எனக்குப் பொழப்பு ஏது?”

அவரு அவ கையை அளந்தாரு. பூ வாங்க நின்ன கூட்டத்தைப் பாத்துத் திரும்பினாரு. “முப்பத்தெட்டு சென்டிமீட்டர்! எதிர்க்கடையில நாப்பத்தாறு. பாத்தீங்களாம்மா? உங்களை ஏமாத்தியிருக்கா!”

கூட்டம் யார் மேல பாயணும்? சொல்லுங்க... யார் மேல?

அதிகாரி மேல பாஞ்சுச்சு!

“யோவ், பொம்பளை கையை அளக்க நீ யாருய்யா?”

“உங்க நல்லதுக்குத்தாம்மா...”

“அக்கா எனக்கு மட்டும் கடைசியில ரெண்டு விரக்கடை சேத்துக் குடுக்கும். உன் மீட்டர்ல கொசுறு உண்டா?”

பின்னாடி ஒருத்தி: “என்னது... உனக்குமா?”

செங்கமலம் அவ காதுல: “உனக்கு மூணு விரலுடி. சத்தம் போடாத.”

அதிகாரிக்கு ரோஷம். “எனக்கு ஒரு மீட்டர் குடு. நியாயம்னா என்னன்னு எல்லாரும் பாக்கட்டும்!”

டேப்பு வச்சு அளந்தா. வெட்டினா. குடுத்தா. மனுஷன் நகரல.

“என்ன சார்?”

“இல்ல...” குரல் இறங்கிருச்சு. “கொஞ்சம்... பாத்துப் போட்டுக் குடேன்.”

கொல்லுன்னு ஒரு சிரிப்பு. டேப்பு பாக்கெட்டுக்குள்ள போச்சு. கடை அங்கயேதான் இருக்கு.

இப்பச் சொல்லுங்க... அந்த நாட்டுக்கு என்ன, கணக்கா தெரியாது? நம்மள மாதிரியே அதுக்கும் தனக்குன்னு தனியா ஒண்ணு வேணும். நம்மகிட்ட எட்டு சென்டிமீட்டர் திருடலாம். ‘உனக்கு மட்டும்’னு சொல்லிட்டா, திருடினவளுக்காக நாமளே சண்டைக்குப் போவோம். ஓட்டுப் போடுறப்ப எதைத் தேடுறோம்? சாமிகிட்ட எதைக் கேக்குறோம்? எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுன்னு இதுவரைக்கும் யாராவது தேங்காய் உடைச்சிருக்கீங்களா?

மீட்டர் பாவம், தம்பி. அது எல்லாருக்கும் ஒண்ணு.

அதைத்தான் நம்மால மன்னிக்க முடியல.