கையெழுத்துப் போட்ட கொப்பி

பதுளையிலிருந்து மடுல்சீமைக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள் என்று விரல் கறையில் தெரிந்தது. இளையவள் சொன்னாள்:

“எம் மக ஒரு மாசமா அழுதிருக்கா அக்கா. நான் கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“என்னா புள்ள சொல்ற?”

“ரெண்டாம் வகுப்புல ஒரு கொப்பி குடுத்தாங்க. அன்னன்னைக்கு மனசு எப்படி இருந்துச்சுன்னு புள்ள ஒரு மூஞ்சி வரையணும். அம்மா அதப் பாத்து, ஏன்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போடணும்.”

“நல்லதுதானே.”

“மலையில இருந்து வந்தா இடுப்பு ஒடியுது. ஒரு ஞாயித்துக்கெழம உக்காந்து, ஒண்ணும் வரையாத பக்கத்துல எல்லாம் மொத்தமாப் போட்டுக் குடுத்துட்டேன்.”

“தோட்டத்துத் தொரை மாதிரி, பாக்காமலே.”

“நேத்து டீச்சர் கூப்புட்டுக் காட்டுனாங்க. எல்லாப் பக்கமும் அழுற மூஞ்சி. வகுப்புல அவ பக்கத்துல உக்காந்திருந்த கூட்டாளி கொழும்புக்குப் போயிருச்சாம். எனக்குத் தெரியாது.”

பெரியவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“இப்பயாச்சும் கேக்குறியா?”

“நேத்து ராவே கேட்டேன். ‘ஒண்ணுமில்ல, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கம்மா’ன்னுட்டா.”