மேட்டுப் புல்லில் இரண்டு தடங்கள்

புது டிராக்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் முதல் வேலை, அதன் பளபளப்பைக் கெடுப்பது. மங்கல் வார்னிஷை ஒரு கை அடித்து, சக்கர இடுக்குகளில் சேற்று நிறத்தை இறக்கி, ஏறும் படியில் பெயின்டைக் கொஞ்சம் சுரண்டி எடுக்க வேண்டும். எந்த விவசாயியும் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறுவதில்லை. இது தெரியாமல் கடையில் வாங்கியதை அப்படியே புல்வெளியில் நிறுத்திப் பரிசுக்கு வருகிறவர்களை நான் எத்தனையோ வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

சார்ஜென்ட், நீங்கள் எழுதிவைத்திருக்கும் வாக்குமூலத் தாளில் முதல் வரியிலேயே 'பொம்மை' என்று இருக்கிறது. தயவுசெய்து அதை அடித்துவிட்டு 'மாதிரி' என்று போடுங்கள். முப்பத்திரண்டில் ஒரு பங்கு மாதிரி. மற்றபடி நீங்கள் எழுதியதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை.

என் பெயர் லோர்கன் பீலன். இருபத்தாறு வருடம் பால் டேங்கர் ஓட்டினேன். லீஷ் மாவட்டத்தில் எந்த முற்றத்தில் வண்டியைத் திருப்ப முடியும், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரு வயல் தள்ளி டின்னி பெர்கினின் பண்ணை. அதைத்தான் நான்கு வருடமாக மாதிரியாகச் செய்தேன். எட்டடிக்கு நான்கடிப் பலகை. டின்னியின் வயலிலிருந்தே மண் எடுத்து, அடுப்பில் காயவைத்து, பெண்கள் காலுறையில் சலித்து ஒட்டினேன். அறுபத்தெட்டு மாடுகள், ஒவ்வொன்றுக்கும் அதனதன் சொந்தப் புள்ளி. இதற்காக ஒரு கோடைகாலம் முழுக்க மாடுகளின் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

டின்னி சிரிப்பான். "டேய், என் பொண்டாட்டி பொறந்த நாளு எனக்கே மறந்துபோவுது. நீ என்னடான்னா என் மாட்டு வயித்துல இருக்கற புள்ளிய மனப்பாடமா ஒப்பிக்கற" என்பான். அவன் மனைவி அட்ராக்டா ஆப்பிள் பை கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவர விடுங்க, எங்க வீட்ட இவ்ளோ அக்கறையா இதுவரைக்கும் யாரு பாத்திருக்கா?" என்பாள். நல்ல மனிதர்கள். இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. அந்த நான்கு வருடம்தான் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலம்.

என் கொள்கை ஒன்றே ஒன்று. நேரில் இல்லாத எதையும் பலகையில் வைக்க மாட்டேன். உண்மையில் இருப்பதை விட்டுவிடவும் மாட்டேன். போர்ட்லீஷ் கண்காட்சியில் 'நடப்புப் பண்ணை' என்று ஒரு பிரிவு உண்டு. அதற்கு முந்தின நாள் நடுவர் ஒருவர் அசல் பண்ணைக்கே வந்து, கையில் படத்தோடு சுற்றிப் பார்த்து ஒப்பிடுவார். அந்தப் பிரிவில் எனக்கு மூன்று முறை இரண்டாம் பரிசு கிடைத்திருக்கிறது. இரண்டாம் பரிசு வாங்கியவனை யாரும் தோளில் தட்டுவதில்லை.

டின்னியின் பழைய நீல டிராக்டரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். பாட்டரி செத்து இரண்டு வருடம் ஆகியும் அவன் மாற்றவில்லை. வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டின் உச்சியில் நிறுத்துவான். கை பிரேக்கும் போய்விட்டது என்பதால் முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல். கல்லைச் சுற்றி வைக்கோல் கட்டும் நீலக் கயிறு, அதன் மறுமுனை ஸ்டீயரிங்கில். காலையில் ஏறி உட்கார்ந்து கயிற்றை ஒரு இழு இழுத்தால் கல் நழுவும், வண்டி உருளும், இடது பக்கம் ஒடித்துச் சிமென்ட் பாதையில் இறக்கினால் பாதி வழியில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பார்த்தவர்கள் எல்லோரும் திட்டியிருக்கிறார்கள். நானும் திட்டியிருக்கிறேன். என் மாதிரியிலும் அந்தக் கல் இருந்தது, கயிறும் இருந்தது. தையல் நூலைப் பிரித்து அதில் ஒரே ஒரு இழையை எடுத்து நீலம் பூசினேன்.

பிப்ரவரி கடைசியில் டின்னி என்னிடம், மேட்டை வெட்டப்போவதாகச் சொன்னான். அந்த இடத்தில் புது மாட்டுக்கொட்டகை. வெட்டும் இயந்திரம் மார்ச் பதினேழு விடுமுறை கழிந்து வருகிற திங்கட்கிழமை வருகிறது. கண்காட்சி அதற்கு மூன்று வாரம் கழித்து.

"மூணே வாரம் பொறுத்துக்கோ டின்னி" என்றேன்.

"மெஷின்காரன் அன்னிக்கு விட்டா ஜூலைக்குத்தான் வருவான். அதுக்குள்ள மானியத்துக்குத் தேதி முடிஞ்சிரும்."

"நாலு வருஷ வேலைடா."

"அதுக்கு என்ன இப்ப? நீயும் ஒரு கத்திய எடுத்து உன் பலகைல மேட்ட வெட்டிரு. நான் என் நெலத்துல வெட்டறேன், நீ உன் மேசைல வெட்டு. ரெண்டும் ஒண்ணாப் போயிரும்." சொல்லிவிட்டு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். அவனுக்கு என்மேல் பிரியம்தான். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

நான் யோசித்தது ரொம்பச் சாதாரணமான விஷயம். டிராக்டர் தானாக உருண்டு போய் முற்றத்துக் கதவை உடைத்துக்கொண்டு நின்றால், காப்பீட்டுக்காரர் வந்து பார்க்கிறவரை யாரும் எதையும் அசைக்க மாட்டார்கள். மெஷின்காரன் வேறு ஊருக்குப் போய்விடுவான். ஒரு கதவு, கொஞ்சம் தகரம், அவ்வளவுதான் நஷ்டம். கதவுக்கான செலவை நானே கொடுத்திருப்பேன்.

எதையும் செய்யுமுன் பலகையில் செய்துபார்ப்பது என் வழக்கம். மூன்று டன்னை முப்பத்திரண்டால் மூன்று முறை வகுத்தால் தொண்ணூற்றிரண்டு கிராம் வரும். மீன் தூண்டில் ஈயத்தை நறுக்கி மாதிரி டிராக்டரின் எஞ்சின் மூடிக்குக் கீழே ஒட்டி எடையைச் சரிசெய்தேன். உச்சியில் வைத்து நூலை இழுத்தேன். மொத்தம் நாற்பத்தொரு முறை. யாரும் ஒடிக்காவிட்டால் அது சிமென்ட் பாதைக்கு வருவதில்லை, புல்லில் நேராக இறங்குகிறது. கீழே ஒரு பழைய வடிகால் பள்ளம் இருப்பதால் அங்கே லேசாக இடது பக்கம் சாய்ந்து, கதவின் இடது தூணையும் தண்ணீர்த் தொட்டியையும் இடித்து நிற்கிறது. ஆள் உருவம் எதையும் நான் அப்போது பலகையில் வைக்கவில்லை.

நாற்பத்தொரு முறை ஒரே வழியில் இறங்கியதில் புல்லில் இரண்டு தடம் விழுந்துவிட்டது. பிரஷை எடுத்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் நிமிர்த்தியிருக்கலாம். ஆனால் அவ்வளவு அழகான தடத்தை நான் கையால் ஒருநாளும் செய்ததில்லை. புல் எந்தப் பக்கம் படுக்க வேண்டுமோ அந்தப் பக்கம் படுத்திருந்தது, பள்ளத்தில் மண் தெரிந்தது. பார்க்கப் பார்க்க ஆசை விடவில்லை. படம் எடுத்து அன்றைக்கே மாதிரி செய்கிறவர்களுக்கான எங்கள் சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டேன். எழுபது பேர் பாராட்டி எழுதினார்கள்.

அதற்கு ஒன்பது நாள் கழித்து, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு நான் மேட்டுக்குப் போனேன். அட்ராக்டா கடைக்குப் போயிருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கயிற்றை இழுத்தேன். கல் சுலபமாக வந்துவிட்டது. டிராக்டர் முதலில் யோசிப்பதுபோல நின்று, பிறகு கிளம்பியது. சத்தமே இல்லை, எஞ்சின் ஓடாத வண்டிக்கு ஏது சத்தம். டின்னி தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தான். பிறகு நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவன் கை சூடாக இருந்தது, பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உண்மையாகவே அழுதேன். அது நடிப்பு இல்லை.

கல்லைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. சாவு வீட்டில் வரிசையாக நின்று தேநீர் குடித்தவர்கள் அத்தனை பேரும், "எத்தன தடவ சொன்னோம், கேட்டானா மனுசன்" என்றுதான் பேசிக்கொண்டார்கள். நான் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அதை அட்ராக்டா கவனித்திருக்கிறாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வந்தவங்க எல்லாம் அவர் மேலதான் தப்புங்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்தை சொல்லல லோர்கன்" என்றாள். அடுத்த பதினோரு நாளும் காலையிலும் மாலையிலும் அவர்கள் மாடுகளை நான்தான் கறந்தேன். எங்கள் பக்கத்தில் அது வழக்கம், துக்க வீட்டுக்காரர்கள் பால்கூடத்தில் கால் வைக்கக் கூடாது. அப்படிக் கறக்கும்போதுதான் நாற்பத்து மூன்றாம் எண் மாட்டுக்குப் பின்தொடையில் நான் விட்டுப்போன ஒரு வெள்ளைத் திட்டு கண்ணில் பட்டது. வீட்டுக்குப் போனதும் திருத்திவிட்டேன்.

பண்ணைப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து மேட்டைச் சுற்றி நாடா கட்டினார்கள். ஒரு புல்லைக்கூட அசைக்கக் கூடாது என்று உத்தரவு. மெஷின்காரன் திங்கட்கிழமை வரவில்லை. கண்காட்சிக்கு முந்தின நாள் நடுவர் வந்து பார்த்தபோது பண்ணை என் பலகையில் உள்ளபடியே இருந்தது.

முதல் பரிசு எனக்குத்தான் வந்திருக்கும். நடுவர் மோசி கோரி பலகையை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, மேட்டுக்கு எதிரே நின்று தொப்பியைக் கழற்றினார். "வேலை பிரமாதம் லோர்கன். ஆனா இந்தத் தடம் வேணாம்பா. செத்த மனுசன் மேல ஏறின தடத்தப் போய்ப் பரிசுக்கு வெக்கறதா? அட்ராக்டா வந்து பாத்தா என்ன ஆவா? மார்க்குல கை வெக்கறேன், மன்னிச்சுக்கோ" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இந்த விவகாரம் முழுவதிலும் நான் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். ஒருத்தன் சாவை வைத்துப் பரிசு வாங்குகிற ஆள் நான் இல்லை. அதை அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது. போனை எடுத்து, சங்கத்தின் பக்கத்தில் நான் போட்ட படத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். "விபத்துக்கு ஒம்பது நாள் முன்னாடியே இந்தத் தடம் இங்க இருக்கு. தேதியப் பாருங்க" என்றேன்.

அவர் தேதியைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, "பண்ணையில இல்லாதத நீ பலகைல வெக்க மாட்டியே, லோர்கன்" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நீங்கள் என் வீட்டுக்கு வந்தது அடுத்த செவ்வாய்க்கிழமை.

காப்பீட்டுக்காரர் இரண்டே நாளில் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாரே, அது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். கதவு உடைந்தால் இரண்டு நாள். சாவு விழுந்த பண்ணையில் நான்கு வாரம், ஐந்து வாரம்கூட நாடாவை அவிழ்க்க மாட்டார்கள். அந்த மாதிரி முற்றங்களில் டேங்கரைத் திருப்ப முடியாமல் நான் எத்தனை காலை நின்றிருக்கிறேன். எனக்கு மூன்று வாரம் தேவைப்பட்டது.

ஆள் உருவத்தைப் பலகையில் வைக்கவில்லை என்று கொஞ்சம் முன்னால் சொன்னேன். அதையும் அடித்துவிடுங்கள். டின்னியை நான் எப்போதோ செய்துவிட்டேன், வலது தோள் கொஞ்சம் இறங்கி, தொப்பி பின்னால் தள்ளி, அச்சு அசல் அவனேதான். முதலில் கொட்டகை வாசலில் நிறுத்தினேன். பிறகு கதவின் நடுவில். தூணுக்கு வலது பக்கம். எங்கே நிறுத்தினாலும் டிராக்டர் அவனைத் தொடாமல் போயிற்று. தொட்டிக்கும் இடது தூணுக்கும் நடுவே நிறுத்தியபோதுதான் விழுந்தான். மீண்டும் நிறுத்தினேன், மீண்டும் விழுந்தான். கடைசி ஆறு தடவையும் தப்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை மேட்டுக்குப் போகுமுன் அவனுக்குப் போன் செய்து, கண்காட்சியில் பலகைக்குப் பக்கத்தில் மாட்ட உன் படம் ஒன்று வேண்டும், மேட்டிலிருந்து முற்றம் முழுக்க எடுக்கிறேன், தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நில் என்றேன். அவன் தலை சீவிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். "எப்பிடிடா நிக்கணும், சிரிக்கணுமா?" என்று கீழேயிருந்து கத்தினான். திரும்பிக் கதவைப் பார்த்து நில், நான் சொல்லும்வரை திரும்பாதே என்றேன். எத்தனை வருடப் பழக்கம், அவன் பயந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில்தான் அப்படிச் சொன்னேன்.