முதல் வருடத்துப் பட்டியலில் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

அடுத்த இதழில் நீங்கள் வெளியிடப்போகும் அட்டவணையில் ஒரு வரி குறைகிறது. அதைச் சேர்க்கச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

வீடியோ கேம் இயந்திரங்களின் ஒவ்வொரு தலைமுறைக்கும் முதல் வருடத்தில் என்னென்ன ஆட்டங்கள் வந்தன என்று ஒப்பிடும் அட்டவணை. தொகுத்தவள் என் மருமகள். நேற்று சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினாள். முதல் தலைமுறைக்கு ஒன்பது, அடுத்ததற்கு இருபத்திரண்டு, மூன்றாவதற்குப் பதினேழு. பதினெட்டாவதாக என் மகன் செய்த ஆட்டம் வரும் என்று காத்திருந்தேன். தாளை மடித்துவிட்டாள்.

அவன் கைநிறையச் சம்பளம் வந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் தனியாக உட்கார்ந்து ஆட்டம் செய்தவன். எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. என் மைத்துனர் வரும்போதெல்லாம், "என்ன அத்தான், பையன் இன்னும் விளையாடிக்கிட்டேதான் இருக்கானா? பல்லு முளைச்சாச்சா?" என்பார். நானும் சிரித்து வைப்பேன்.

முதல் வருடத்தின் மதிப்பை எனக்குச் சொன்னவன் மகன்தான். "புது மெஷின் வாங்கினவனுக்கு விளையாட அதிகம் இருக்காதுப்பா. அந்த வருஷம் வர்ற ஆட்டத்தையெல்லாம் பேரோட ஞாபகம் வச்சிருப்பான். அப்புறம் வந்தா கூட்டத்துல காணாமப் போயிடுவோம்."

அதைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பெயர் முதல் வருடத்துக்குள் வரும் என்று மைத்துனரிடமும் உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சொன்ன சொல் மாறி எனக்குப் பழக்கமில்லை.

செய்து முடித்த ஆட்டத்தின் சிடி, கெடு நாளன்று மாலை ஐந்து மணிக்குள் பிரதி எடுக்கும் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். தவறினால் எங்கள் முறை வேறு ஆளுக்குப் போய்விடும், முதல் வருடமும் கைவிட்டுப் போகும். அந்த வாரம் முழுக்க அவன் சரியாகத் தூங்கவில்லை. மருமகளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். அவன் கவனம் சிதறக் கூடாது என்று போன் வயரைச் சுவரிலிருந்து கழற்றி என்னிடம் வைத்துக்கொண்டேன்.

கெடு நாளன்று மூன்றே முக்காலுக்குச் சிடியைக் கையில் கொடுத்தான். "அப்பா, நெஞ்சை என்னமோ பண்ணுது. முதல்ல ஆஸ்பத்திரி போயிடலாமா?" என்றான். சட்டை நனைந்திருந்தது. ஆஸ்பத்திரி தெற்கே, தொழிற்சாலை வடக்கே.

"தூக்கமில்லாததுடா. படு, இதோ வந்துடறேன்."

"சீக்கிரம் வாங்கப்பா."

நாலரைக்குக் கொடுத்து ரசீது வாங்கினேன். திரும்பி வந்தபோது அவன் போன் மேசையடியில் கிடந்தான், கையில் ரிசீவர். வயர் என் சட்டைப் பையில்.

டாக்டரை அழைக்கப் போகும் முன் அதை மாட்டிவிட்டேன். நான் வெளியே போயிருந்தபோது நடந்தது என்று மருமகளிடம் சொன்னேன். அதில் பொய் ஒன்றுமில்லை. வந்தவர்கள் எல்லோரும், "அந்த ஆட்டத்துக்காக உயிரையே கொடுத்தானே" என்றார்கள். மைத்துனர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பத்தொன்பது வருடமாக அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

நேற்று, "நம்ம ஆட்டம் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"அது வராது மாமா. மெஷினை இங்க விக்கறதுக்கு நாலு மாசம் முன்னாடியே வெளிநாட்டுல வித்துட்டாங்க. எல்லாத் தலைமுறைக்கும் முதல்ல வித்த தேதியிலேருந்துதான் எண்ணணும்." தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அவருக்கும் கடைசியில தெரியும். 'அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு, இப்பப் போய் எப்படிச் சொல்றது'ன்னாரு."

என் மகன் உயிரைக் கொடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டுங்கள், போலீசுக்கும் அனுப்புங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

ஆனால் அந்த வரியை மட்டும் சேர்த்துவிடுங்கள். நம் நாட்டில் விற்ற தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள். முதல் வருடம் முடிய ஆறு நாள் முன்னதாகவே வந்துவிட்டது.