அக்காவின் ஸ்டாண்டு

போக்குவா: டேய் ஒடூரோ, வேனுக்குப் பின்னால என்னடா பண்றே? வந்து இந்த அட்டையைப் பிடி.

ஒடூரோ: என் வேன் எஞ்சின் சங்கிலியில தொங்குது. நீ அட்டையைப் பிடிங்குறியேக்கா...

போக்குவா: கிளட்ச் போல்ட்டை எதுல குத்தி வைக்க? உன் தலையிலயா? கழட்டுன வரிசையிலேயே குத்தணும்.

ஒடூரோ: ஒண்ணை முழுசா கழட்டிட்டு அடுத்ததுக்குப் போயேன். சும்மா சுத்திச் சுத்தி...

போக்குவா: அப்படிக் கழட்டினா மூடி கோணிக்கும். எதிரும் புதிருமா அரைச்சுத்து, அரைச்சுத்துதான். நீ ரோட்டுல வண்டிய ஓட்டு, இங்க வாயால ஓட்டாதே.

ஒடூரோ: எதிர் ஷெட்டுக்காரங்க சிரிக்கிறாங்க. எஞ்சினை மாட்ட நீ செஞ்ச ஸ்டாண்டு தாங்காதாம்.

போக்குவா: பழைய லாரி அச்சை அறுத்து நானே வெல்டு வச்சது. சிரிக்கட்டும்... அடியில கை குடு, தட்டு விழும். ஆங், கிளட்ச் வந்துடுச்சு. இந்தா, இதையும் பிடி.

ஒடூரோ: யம்மா, என்னா கனம்!

போக்குவா: ஃப்ளைவீல், எஞ்சின் பின்னால சுத்துற சக்கரம். இது கழண்டாத்தான் ஸ்டாண்டோட நாலு கையும் எஞ்சின் முதுகுல உக்காரும்.

ஒடூரோ: அக்கா... நெசமா தாங்குமா? எனக்கு இருக்கிறது இந்த ஒரு எஞ்சின்தான்.

போக்குவா: எனக்கு இருக்கிறது இந்த ஒரு பேருதான். இது விழுந்தா இந்த சுவாமே ஷெட்டுப் பக்கம் ஒருத்தன்கூட என்கிட்ட வண்டிய விடமாட்டான். போல்ட்டெல்லாம் முறுக்கியாச்சு. சங்கிலியை இறக்கு. மெதுவாடா!

ஒடூரோ: இன்னுமா?

போக்குவா: இன்னும்... இன்னும்... விடு.

ஒடூரோ: விட்டுட்டேன். என்னால பாக்க முடியலக்கா.

போக்குவா: கண்ணைத் தொறடா.

ஒடூரோ: நிக்குது! அக்கா, நிக்குது!

போக்குவா: கைப்பிடியைச் சுத்திப் பாரு.

ஒடூரோ: எஞ்சினே தலைகீழாத் திரும்புதே! ஏ எதிர் ஷெட்டு, இப்பச் சிரிங்கய்யா பாப்போம்!

போக்குவா: கத்தாதே. தூசி விழுறதுக்குள்ள மூடணும். உன் பின்கதவுல ஒரு சாக்கு கட்டியிருக்கியே, அதை அவுத்துக் குடு.

ஒடூரோ: அது வேணாம்.

போக்குவா: காலையிலேர்ந்து என்னை அந்தப் பக்கமே விடல. எங்கயாவது இடிச்சுட்டியா?

ஒடூரோ: எஞ்சின் ஓடுனப்புறம் காட்டலாம்னு... சரி, நீயே அவுரு.

போக்குவா: ...என்னடா இது? “எங்க அக்கா ஃபிட்டர்.” ஊரே வண்டிக்குப் பின்னால சாமி பேரை எழுதுது. நீ என்னன்னா இவ்ளோ பெரிய எழுத்துல...

ஒடூரோ: குமாசியிலேர்ந்து அக்ரா வரைக்கும் ரோடு முழுக்க எல்லாரும் படிக்கட்டும். எனக்கு அவ்ளோ பெருமைக்கா. ஆனா ஒண்ணு சொல்லணும்... அடிக்கக் கூடாது.

போக்குவா: சொல்லு.

ஒடூரோ: நீ ஃபிட்டர் வேலை கத்துக்கிட்டப்போ, பள்ளிக்கூடத்துல சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. எங்க அக்கா தையல்காரின்னு சொல்லிட்டேன்.

போக்குவா: தெரியும்.

ஒடூரோ: எப்படி?

போக்குவா: அப்பவே உன் சிநேகிதன் பாஃபோர், நீ சொன்னதை நம்பி, உனக்குத் தெரியாம வீட்டுக்கு வந்தான். கால்சட்டை நீளமாம், குறைச்சுத் தைக்கணுமாம்.

ஒடூரோ: ஐயையோ! நீ என்ன சொன்னே?

போக்குவா: என்னத்தைச் சொல்ல? என் தம்பியைப் பொய்யனாக்க மனசு வரல. கையில இருந்த கிரீஸைக் கழுவிட்டு, ஊசியை எடுத்துத் தைச்சுக் குடுத்தேன். ஒரு கால் கொஞ்சம் குட்டையாப் போச்சு.