நத்தையின் கொம்பை ஒடித்த யூஜீனியா டீச்சருக்கு

கடலோசை தொழிற்பயிற்சி நிலையத்தின் கற்பிட்டிக் கிளையில், கடற்காற்றில் கதவுப் பிணைச்சல்களும் துருப்பிடித்துப்போகும் இக்கட்டடத்தில், இருபத்தாறு ஆண்டுகள் எழுத்தெண்ணிப் பணியாற்றி இன்று இளைப்பாறும் எங்கள் தலைமை எழுதுவினைஞர் திருமதி யூஜீனியா கொறேரா அம்மையாரே! பிழை பொறாப் பெருந்தகையே! புள்ளிக்கும் புகலிடம் தந்த புண்ணியவதியே! சிவப்புப் பேனையால் எங்களைச் சீர்செய்த செம்மைச் செல்வியே! தங்கள் மீது சாந்தியும் சமாதானமும் என்றும் நிலவட்டும்!

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது இங்குள்ள பதினொரு பேருக்கும் தெரியும். ஆகவே மரபு என்ன சொன்னாலும், இம்மடலின் நடுப்பகுதியில் தங்களைத் ‘தாங்கள்’ என்று அழைக்கப் போவதில்லை. யாரோ ஒரு யூஜீனியா டீச்சரின் கதை என்று நினைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்து கேளுங்கள். இடையிடையே எங்களுக்குக் கோபம் வரும். ஆறு மாதமாக அடக்கி வைத்த கோபம் அது, பொறுத்தருளுங்கள்.

அந்த யூஜீனியா டீச்சர் 1991 தை மாதம் இங்கே தட்டெழுத்துக் கற்பிக்க வந்தார். அப்போது இது நிலையம் அன்று. நான்கு தட்டெழுத்துப் பொறிகளும் உட்கார இரண்டு வாங்குகளும் இருந்த ஓர் அறை. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள் ஓலைக் கொட்டில்களில் ஒண்டியிருந்த காலம். இன்று எங்கள் வான் சாரதியாக இருக்கும் லத்தீப் அந்த வகுப்பில் படித்தவர். பதிவுப் பட்டியலில் அவருடைய வாப்பா ஸலாஹுதீனின் பெயரை யாரோ ‘சாலுதீன்’ என்று எழுதிவிட்டார்கள். அட்டையில் ஒரு பெயர், பட்டியலில் ஒரு பெயர் என்று சொல்லி அந்தக் குடும்பத்துக்கு நான்கு மாதம் நிவாரண அரிசி கொடுக்கவில்லை. டீச்சர் தட்டெழுதிக் கொடுத்த கடிதத்தோடுதான் அந்தப் பெயர் திருந்தியது. அன்று அவர் சொன்னதை லத்தீப் இன்றும் சொல்வார்: “ஒரு எழுத்துப் பிழைச்சா ஒரு வீட்டுல அடுப்பெரியாது, தம்பி.”

அன்றிலிருந்து, தலைமை எழுதுவினைஞராக உயர்ந்த பின்னும், அவர் கண்ணுக்குத் தப்பிய பிழை இந்த நிலையத்தில் இல்லை. லீவுக் கடிதத்தில் ‘காய்ச்சல்’ என்ற சொல்லில் ஒரு ச்-ஐ விட்டுவிட்டால், முதலில் “இப்ப காய்ச்சல் எப்படி?” என்று அன்போடு விசாரிப்பார். பிறகு “அந்த ச் எங்க?” என்பார். எங்களில் பலர் காய்ச்சலோடே வேலைக்கு வந்தது அந்தக் கேள்விக்குப் பயந்துதான்.

இனி, சென்ற ஆண்டு நத்தாருக்கு, யேசு பாலன் பிறந்த திருநாளுக்கு, வருவோம். ஐப்பசி மாதம் கொழும்புத் தலைமையகத்திலிருந்து விளம்பர அதிகாரி ஜனாப் ஃபைஸல் அவர்கள் ஒரு பெட்டி நிறைய மாதிரிப் பொருட்களோடு வந்து இறங்கினார். நிலையத்தின் பெயரும் இலச்சினையும் பொறித்த நத்தார் அன்பளிப்புகள் எல்லோருக்கும் கொடுக்கப்பட வேண்டும் என்பது திட்டம். ஊழியருக்குக் குடை. எங்கள் மாணவரை வேலைக்கு எடுக்கும் கடற்கரை ஹோட்டல்காரருக்குச் சுவர்க் கடிகாரம். மாணவர் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் துணிப்பை. பையில் நத்தார் தாத்தாவை வரைந்து, அவர் தொந்தியில் இலச்சினையைப் போடலாம் என்பது ஜனாபின் யோசனை. டீச்சர் மேசையிலிருந்த மாதிரிப் பையை ஒருமுறை புரட்டிப் பார்த்தார்.

“இங்க படிக்கிறதில முக்கால்வாசி முஸ்லிம் பிள்ளைகள். நத்தார் முடிஞ்ச பிறகும் அதுகள் இந்தப் பையில புத்தகம் கொண்டு வரணும். தொந்தி வேணாம். பேரும் வாழ்த்தும் போதும்” என்றார். அதோடு, சிவப்புப் பேனையால் ஒரு வெள்ளைத் தாளில் ‘இனிய நத்தார் வாழ்த்துகள்’ என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். “அச்சடிக்க முந்தி ஒரு படி எனக்கு அனுப்புங்க. பார்த்துத் தாறன்” என்றும் சொன்னார். ஜனாப் தன் கைத்தொலைபேசியில் தாளைப் படம் எடுத்துக்கொண்டு, தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அந்தத் தாள் இன்றும் எங்களிடம் இருக்கிறது.

அச்சுப்படி கேட்டு டீச்சர் மூன்று முறை கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். மூன்று முறையும் “நேரமில்லை மிஸ்” என்ற ஒரே பதில். அங்கே யாரோ ஒருவர் கணினியில் ‘நத்’ என்று தட்டியிருக்கிறார். மீதியைக் கணினியே முடித்து வைத்திருக்கிறது. அச்சிட்டவருக்கோ அனுமதித்தவருக்கோ அதை ஒருமுறை வாசித்துப் பார்க்கத் தமிழ் தெரியவில்லை. சிங்களம் சுத்தமாக இருந்தது. ஆங்கிலம் அதைவிடச் சுத்தமாக இருந்தது. அவற்றின் கீழே, ஆகச் சிறிய எழுத்தில், எங்கள் மொழியில் அச்சாகி வந்தது இது: ‘இனிய நத்தை வாழ்த்துகள்.’

மார்கழி பதினைந்தாம் தேதி மூட்டைகளை அவிழ்த்ததும் முதலில் வாசித்தவர் எங்களுக்குத் தேநீர் ஊற்றும் ஜெய்னம்பு. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். “என்ன டீச்சர், இந்த வருசம் நத்தைக்குமா பெருநாள்?” என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு பையை எடுத்து மடியில் விரித்து, அந்தச் சொல்லின் மேல் விரலை ஓட்டினார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எங்களுக்கும் சிரிப்பு வரவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் தாய்மொழி யாருக்கும் ஒரு பொருட்டாக இருக்கவில்லை என்பதைத்தான் அவர் அந்த விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

ஜனாபுக்குத் தொலைபேசி எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நாங்களும் கேட்டோம்.

“ஐயோ மிஸ், சின்ன விசயம். இதெல்லாம் யாரு வாசிக்கப் போறாங்க? நானும் தமிழ்தான் பேசுறன், எனக்கே வாசிக்க வராது. பேக்குக்குள்ள சாமான் போட்டாச் சரிதானே?”

“வாசிக்கிறதுக்கு முந்நூத்திப் பன்னெண்டு பேர் இங்க இருக்காங்க, தம்பி. நீங்க வாசிக்கல்ல எண்டதுக்காக எழுத்து இல்லாமப் போகாது. இதை நான் பிள்ளைகள்ட கையில குடுக்க மாட்டன்.”

“இருபதாம் தேதி ஃபங்ஷன். குடுத்தே ஆகணும். ஹெட் ஆபீஸ் ஓடர்.”

அடுத்த நாள் கணினி ஆசிரியை ஹஃபீலாவைத் தொலைபேசியில் அழைத்து அதே ஜனாப் கேட்ட கேள்வி இது: “அந்த மிஸ்ஸுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?” கேட்டீர்களா சபையோரே! கொம்பு முளைத்தது டீச்சருக்கா? ‘த’ என்ற எழுத்தின் முன்னால் தேவையில்லாத ஐகாரக் கொம்பை முளைக்க வைத்து, நத்தாரை நத்தையாக்கியது தலைமையகம் அல்லவா?

அந்தக் கொம்பை எப்படி ஒடிப்பது என்று டீச்சருக்குத்தான் தோன்றியது. பச்சைத் துணியில் சின்னஞ்சிறு நட்சத்திரங்கள் வெட்டினார். ஐகாரக் கொம்பின் மேல் ஒரு நட்சத்திரத்தை வைத்துத் தைத்தால் கொம்பு மறைந்துவிடும். பிறகு ‘த’-வுக்குப் பக்கத்தில் பச்சை நூலால் அதைத் ‘தா’ ஆக்கும் ஓர் அரவு, ஒரு ‘ர’, அதன் தலையில் ஒரு குற்று. அவ்வளவுதான், நத்தை எழுந்து நத்தாராகிவிடும். நான்கு நாட்கள், வகுப்பு முடிந்த பின்னேரங்களில், நாங்கள் பதினொரு பேரும் வட்டமாக இருந்து தைத்தோம். லத்தீப் கிழிந்த வலை பொத்திப் பழகிய கையால் எல்லோரையும்விட வேகமாகத் தைத்தார். ஜெய்னம்பு குற்றுகளுக்குப் பொறுப்பு. ஹஃபீலாவுக்கு ஊசி பிடிக்க வராது, அவர் நட்சத்திரம் வெட்டினார். எங்கள் குடைகளிலும் வெள்ளை மையால் அதே வேலை. கடிகாரங்களைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவை கொழும்பிலிருந்து நேரே ஹோட்டல்களுக்குப் போய்விட்டன. எங்களுக்கென்று அனுப்பிய ஒன்று அதோ, அந்தச் சுவரில் தொங்குகிறது. பத்து நிமிடம் பிந்தி ஓடுகிறது. தன் மேல் அச்சான பெயருக்கு ஏற்றபடி நடக்கும் ஒரே பொருள் அதுதான்.

இருபதாம் தேதி பிள்ளைகள் பையை வாங்கிக்கொண்டு போனார்கள். சொல்லின் நடுவில் நட்சத்திரம் அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. விசயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஒரு ஹோட்டல்காரர் கடிகாரத்தைப் படம் எடுத்து முகநூலில் போட, ஊரே சிரித்தது. சிரிப்புக் கொழும்புக்கு எட்டியதும், தலைமையகம் அவசர அவசரமாகப் பூசி மெழுகப் பார்த்தது. பூசுவதற்கு அவர்களுக்குக் கிடைத்தது யாருடைய பெயர் தெரியுமா? ‘தமிழ் வாசகத்தை எழுதி அனுப்பியவர் கற்பிட்டித் தலைமை எழுதுவினைஞர். பிழைக்குப் பொறுப்பேற்று அவர் கடிதம் தர வேண்டும். தராவிட்டால் அவருடைய சேவைச் சான்றிதழில் இக்குற்றம் பதியப்படும்’ என்று ஆங்கிலத்தில் ஓர் ஓலை வந்தது. இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு குற்றும் தவறாதவரின் தலையில், இளைப்பாற ஐந்து மாதம் இருக்கையில், தாம் பெற்ற நத்தையைக் கட்டினார்கள்!

டீச்சர் அன்று மதியம் சாப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தன் கையாலேயே, தமிழில், ஒரு பதில் எழுதினார். ஒட்டி அனுப்பினார். பத்து நாளில் ஆங்கிலத்தில் பதில் வந்தது: ‘உமது வருத்தத்தை நிர்வாகம் ஏற்றுக்கொண்டு, பிழையை மன்னித்திருக்கிறது.’

“என்ன டீச்சர், நீங்க மன்னிப்பா கேட்டீங்க?” என்று ஹஃபீலா அழாக்குறையாகக் கேட்டார்.

“நான் கேட்கல்ல, புள்ள.”

“அப்ப அவங்க ஏன் மன்னிச்சாங்க?”

டீச்சர் அந்தக் கடிதத்தைக் கோப்பில் செருகினார். “நான் எழுதினத வாசிக்கிற ஆள் ஒருநாள் வருவார்” என்றார். ஆனால் அன்றிலிருந்து அவர் நடை தளர்ந்தது எங்களுக்குத் தெரியும். செய்யாத பிழைக்கு மன்னிக்கப்பட்டவராக ஒவ்வொரு நாளும் அந்தப் படியேறி வருவது என்ன பாடு என்பதும் தெரியும்.

சென்ற வாரம் கொழும்பிலிருந்து அவருடைய சேவைச் சான்றிதழ் வந்தது. இன்று இதே மேடையில் கொடுக்கப்பட வேண்டியது. அதன் கடைசி வரியில் ‘தமிழ் மொழிப் பிழையொன்று மன்னிக்கப்பட்டது’ என்றிருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் ஹஃபீலா கோப்பைத் திறந்தார். டீச்சர் வைத்திருந்த பிரதியை நாங்கள் பதினொரு பேரும் வாசித்தோம். வாசித்ததும் எங்களுக்கு எல்லாம் விளங்கியது. அந்தக் கடிதத்தைத் தலைமையகத்தில் ஒருவரும் வாசிக்கவேயில்லை. தமிழில் இருந்ததால், கீழே கையொப்பம் இருந்ததால், மன்னிப்பாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிக் கோப்பில் போட்டுவிட்டார்கள்.

அம்மையே! இனி மீண்டும் தங்களை நேரே விளிக்கிறோம். தங்கள் அனுமதி கேளாமல் ஒரு காரியம் செய்கிறோம். முன்வரிசையில் ஜனாப் ஃபைஸல் அவர்களும் தலைமையகத்துப் பெரியோரும் வந்திருக்கிறார்கள். அவர்களில் தமிழ் பேசுவோருக்கு வாசிக்கத்தான் வராது, காது நன்றாகக் கேட்கும். ஆகவே தாங்கள் தை மாதம் எழுதிய அக்கடிதத்தை, ஓர் அரவும் ஒரு குற்றும் மாறாமல், இச்சபையில் வாசிக்கிறோம்:

‘ஐயா, நான் எழுதித் தந்தது நத்தார். நீங்கள் அச்சிட்டது நத்தை. அச்சுப்படியை மூன்று முறை கேட்டேன், நீங்கள் தரவில்லை. பிழை என்னுடையதன்று, ஆகவே வருத்தம் தெரிவிக்க மாட்டேன். இதை வாசிக்க உங்களிடம் ஒருவர் இருந்திருந்தால், இக்கடிதத்துக்குத் தேவையே வந்திராது. யூஜீனியா கொறேரா.’

சபையோரே, அந்தச் சான்றிதழை நாங்கள் டீச்சரிடம் கொடுக்கப் போவதில்லை. கடைசி வரியை நீக்கிப் புதிதாக எழுதி அனுப்புமாறு அதைத் தலைமையகத்தாரிடமே இம்மேடையில் திருப்பிக் கொடுக்கிறோம். அதுவரை இம்மடலே அவருடைய சேவைச் சான்றிதழ். இதன் ஒரு படி அவர் வீட்டுச் சுவருக்கு. மற்றொரு படி, அவர் சிவப்புப் பேனையால் எழுதிய அந்தத் தாளோடு சேர்த்துச் சட்டமிடப்பட்டு, இன்றே அந்தப் பிந்தி ஓடும் கடிகாரத்தைக் கழற்றிய இடத்தில் மாட்டப்படும்.

அம்மையே! கண் மங்காமல், கை நடுங்காமல், பேரப்பிள்ளைகளின் கொப்பிகளில் கொம்பும் குற்றும் தேடித் திருத்தியபடி, நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்வீர்களாக! தங்கள் வீட்டு நத்தாரில் எங்கள் பாயாசமும், எங்கள் வீட்டுப் பெருநாளில் தங்கள் பலகாரமும் என்றும் தவறாதிருப்பதாக!

2017 ஆனி 30
கற்பிட்டி

இங்ஙனம்,
ஹஃபீலா, லத்தீப், ஜெய்னம்பு மற்றும் எண்மர்,
தங்கள் கடிதத்தை வாசித்தவர்கள்.