பூட்ஸ் வாரைத் தைத்த கை

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய தேவகிருபை அம்மையார் அவர்களே, இந்தத் தையல் பயிற்சி மையத்தின் செயலாளர் சர்தார் பாஷா அவர்களே, பேரணாம்பட்டிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பேருந்து மாறி வந்திருக்கும் பெரியோர்களே, ஊசியோடும் தோலோடும் உறவாடி உலகத்தையே நடக்க வைக்கும் தாய்மார்களே, தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

அழைப்பிதழில் ஓர் ஆங்கிலத் தொடரால் என்னைப் புகழ்ந்திருக்கிறீர்கள். தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொண்டவனாம் நான்! வார் எதுவென்று உங்களுக்கா சொல்ல வேண்டும்? காலை நுழைக்கும்போது பிடித்திழுக்கக் குதிகாலுக்கு மேலே தைக்கிற பட்டை. இந்தத் தொடர் எப்படி வந்தது? ஆங்கில ஆசிரியர் ரிச்சர்டைக் கேட்டேன். "பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவுல, நடக்காத காரியத்தக் கிண்டல் பண்ணச் சொன்னது சார். அப்புறமாத்தான் பாராட்டா மாறிடுச்சு" என்றார்.

சிரிக்கிறீர்கள். இழுத்துத்தான் பாருங்களேன்! தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்ப முடியுமா? முடியாது. அப்படியானால் என்னைத் தூக்கியது யார்?

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் என் பூட்ஸ் தொழிற்சாலைக்கு முதல் ஏற்றுமதி ஆர்டர். வாருக்கு ஒற்றைத் தையல் போதும் என்று மிச்சம் பிடித்தேன். தைத்துக்கொண்டிருந்த செண்பகம் எழுந்து நின்றார்.

"மொதலாளி, இது தாங்காது. இழுத்தா கையோட வந்துடும்."

"இன்னாம்மா, தைக்க வந்தியா, பாடம் நடத்த வந்தியா? லாரி நிக்குது!"

"லாரி போனா வேற வரும். ஆர்டர் போனா வருமா?"

அத்தனை வாருக்கும் இரண்டாம் தையல் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார். லாரி ஒருநாள் தாமதம். அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்தினேன். பணிச் சான்றிதழில் 'வேலையில் அலட்சியம்' என்று எழுதினேன்.

மறுவாரம் சென்னைக் கிடங்கில், வெளிநாட்டுப் பரிசோதகர் வாருக்குள் விரலை விட்டு வெறிகொண்டவர்போல் இழுத்தார். வார் அசையவில்லை, நான் உயர்ந்தேன். செண்பகத்தைத் திரும்ப அழைத்தேனா? இல்லை. அழைத்தால் தப்பு என்னுடையது என்றாகிவிடுமே! தட்டாதீர்கள் ஐயா, இது கைதட்டுகிற இடமில்லை.

அந்தத் தாளைப் பார்த்த எந்தத் தொழிற்சாலை அவரைச் சேர்க்கும்? பீடி சுற்றிப் பிழைத்தார். சென்ற வாரம் இந்த மையத்தில் பயிற்சியாளர் வேலை கேட்டிருக்கிறார்; அந்தத் தாளைப் பார்த்து மறுத்துவிட்டார்கள். பாஷா பாய் என்னிடம் சொன்னார்: "நல்லவேள, உங்க சர்டிபிகேட் இருந்துச்சு. தப்பிச்சோம்!" பாய், தலையைக் குனியாதீங்க. தப்பு உங்களுது இல்ல.

அந்தத் தாளில் இருப்பது பொய். எழுதிய கை இந்தக் கை. இத்தனை பேர் சாட்சியாகச் சொல்கிறேன்: அலட்சியம் என்னுடையது, அக்கறை அவருடையது! என்னைத் தூக்கியது என் கையல்ல, செண்பகத்தின் கை! தலைவர் அவர்களே, அவர் விண்ணப்பத்தை மறுபடி எடுங்கள். இதோ, புதிய சான்றிதழ்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா செண்பகம், நீங்கள் மேடைக்கு வர வேண்டாம். நானே கொண்டு வருகிறேன். என்னம்மா, எழுந்து என்ன சொல்கிறீர்கள்?

"படிச்சுப் பாத்துட்டு வாங்கிக்கிறேன், மொதலாளி. போன தடவ உங்கள நம்பி, படிக்காமலே வாங்கிட்டேன்."

நிதானமாகப் படியுங்கள் அம்மா. நீங்கள் படித்து முடிக்கும் வரை நான் நிற்கிறேன். பொறுத்துக் கேட்ட சபைக்கு நன்றி. வணக்கம்.